ஜன்னல் வழியாக வந்த மாப்பிள்ளை

அரைகுறையாகப் படித்தவன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது. வீட்டில் கல்யாணம் இருக்கும்போது கொடுக்கவே கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அனுபவம் என்னுடையது, பட்ட பாடு என் அத்தானுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்து, கார்களுக்கு ரேடியோவும் அலாரமும் பொருத்தும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இனிமேல் கார் என்றால் இரும்பு அல்ல, எலக்ட்ரானிக்ஸ்தான் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் அதை என் சொந்த ஞானம்போல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (பத்திரிகையும் கடை முதலாளியுடையது.)

அந்த வருடம்தான் அப்பா தன் வாழ்நாளில் முதல் காரை வாங்கினார். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, சைக்கிளில் போய் வந்தவர். காலையில் காரைத் துடைப்பார், மாலையில் தூசி விழவில்லை என்று உறுதி செய்ய மறுபடி துடைப்பார். அக்காவின் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் கோயிலுக்கு வரவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, நானே வடிவமைத்த அலாரத்தை அதில் பொருத்தக் கிளம்பினேன்.

"தம்பி, உது இப்ப என்னத்துக்கு? கலியாணம் முடியட்டுமே," என்றார் அப்பா.

"கல்யாண வீட்டுக் காரைத்தான்பா திருடுவாங்க," என்றேன். எங்கிருந்து வந்த புள்ளிவிவரமோ தெரியாது.

என் பெட்டி சாதாரணப் பெட்டி அல்ல. எஞ்சினை நிறுத்திக் கதவுகளை மூடி அரை நிமிடம் ஆனால், அது தானாகவே காவலுக்கு நிற்கும். காருக்கு அதிர்ச்சி படாதவரை சாவியால் திறந்து ஓட்டலாம்; பட்டால் சைரன் அலறும், கதவுகள் பூட்டிக்கொள்ளும், எஞ்சின் செத்துவிடும். அதற்குப் பிறகு உள்ளிருந்து பூட்டை இழுத்தால் திரும்பப் பூட்டும். சாவி போட்டுத் திறந்தாலும் திரும்பப் பூட்டும். பேட்டரியைக் கழற்றினால், ஒளித்து வைத்த இன்னொரு பேட்டரியில் ஓடும். ரிமோட்டுக்கு மட்டும்தான் அடங்கும். திருடன் என்னவெல்லாம் செய்வான் என்று ஒவ்வொன்றாக யோசித்திருந்தேன். மாப்பிள்ளை என்ன செய்வார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். போய் அழைத்து வரவேண்டும், வாசலில் அவர் காலைக் கழுவி மோதிரம் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாணத்தன்று காலை காருக்குப் பூச்சரம் கட்டிவிட்டு, குளித்து வேட்டி உடுத்தி, சாவியோடு மாப்பிள்ளை வீடு இருந்த கிள்ளானுக்கு ஓட்டிப் போனேன். வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது. ரிமோட், கழற்றிப் போட்ட கால்சட்டைப் பாக்கெட்டில் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்தது.

கிள்ளானில் அவர்கள் ஆட்கள் எல்லாம் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பாவும்தான் பாக்கி. மாப்பிள்ளையைத் தலைப்பாகையோடு பின் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். சித்தப்பா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நிதானமாகக் கற்பூரம் காட்டினார். அரை நிமிடம் போனது. பிறகு முன் சக்கரத்தின் பக்கத்தில், காரே குலுங்கும்படி ஓங்கித் தேங்காயை உடைத்தார்.

என் கண்டுபிடிப்பு அட்சரம் பிசகாமல் வேலை செய்தது.

சைரன் அலறியது. உள்ளே மாப்பிள்ளை பூட்டை இழுத்தார், அது கீழே இறங்கியது. மறுபடி இழுத்தார், மறுபடி இறங்கியது. நான் வெளியே சாவியோடு அதே விளையாட்டை விளையாடினேன்.

"ரிமோட் எங்க?" என்று கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டே கேட்டார் மாப்பிள்ளை.

"வீட்ல."

"யார் வீட்ல?"

முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அதைத் தவறவிட்டால் அக்கா மணவறையில் காத்திருப்பது வீணாகப் போகும்.

முதலில் தலைப்பாகை ஜன்னல் வழியாக வந்தது. பிறகு மாலை. பிறகு மாப்பிள்ளை, தலை முன்னாலும் பட்டு வேட்டி எங்கேயோ பின்னாலுமாக வந்தார். சித்தப்பா தோளைப் பிடித்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதிர்வீட்டுச் சீன மீன் வியாபாரி ஆ கோங் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"டாக்சி தேடினா லேட் ஆயிரும் லா. என் லோரியில ஏறு," என்றார் அரைத் தமிழில்.

முன்னால் ஆ கோங், மாப்பிள்ளை, சித்தப்பா. பின்னால் மீன் பெட்டிகளும் நானும்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தப்பா கை கால் கழுவ நேராகக் குழாயடிக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டார் லோரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தம்பி, கார் என்னாச்சு?" என்று கேட்டார் அவர்களில் ஒரு பெரியவர்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"கார் சரியில்ல அங்கிள். ஸ்டார்ட் ஆகல," என்றேன்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். "புதுக் கார்தான்..." என்று தொடங்கி நிறுத்தி, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மை தெரிந்த மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவர் காலைக் கழுவக் குனிந்தபோது காதருகில் சொன்னார்:

"மச்சான், முதல்ல நீ கழுவிட்டு வா. மீன் நாத்தம் தாங்கல."

மோதிரமும் போட்டுவிட்டார். அந்த மனிதரின் இடத்தில் நான் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் அப்பா என்னைக் கூப்பிடாமல் மெக்கானிக் ஒருவருடன் கிள்ளானுக்குப் போனார். சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். மாலையில் வந்து என் பெட்டியை, ஒயர்கள் தொங்க, மேசைமேல் வைத்தார்.

"கார் நல்ல கார்தான், தம்பி," என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. யார் புதுக் கார் வாங்கினாலும், தேங்காய் உடைக்கும்போது உள்ளே உட்கார வேண்டியது நான்தான். போன மாதம் அக்கா மகள் மின்சாரக் கார் வாங்கினாள். நான் கற்பனை செய்த எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் செய்கிறது. எழுபது வயது அத்தான் கையில் தேங்காயோடு காத்திருந்தார்.

"மச்சான், கண்ணாடிய இறக்கிட்டியா?"

இறக்கியிருந்தேன்.