வேலூருக்குப் போனது கோட்டை பார்க்க

மதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி, ஆனேக்கல் கோவிந்தப்பா அவர்களுக்கு, விவேக் நகர் வெங்கடசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், மனைவி முத்தம்மா, மகள் வைஷ்ணவி எல்லோரும் நலம். 'நலம்' என்பதைத் தயவுசெய்து இன்னொரு தரம் படிக்கவும். போனில் சொல்லலாமென்றால் என் குரலைக் கேட்டதுமே அழுதுவிடுகிறீர்கள், அதனால்தான் கடுதாசி.

ரிடையரானதும் வேலூர்க் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. வெள்ளைக்காரன் புதுத் தொப்பியைக் கொடுத்து "போடு" என்றபோது, மாட்டோமென்று 1806-லேயே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய இடமல்லவா? பக்கத்து வீட்டில் டிரேவர் என்று ஒருவர், அவரிடம் "நாளைக்கு வேலூர் போறோம்" என்று மட்டும் சொன்னேன், அதுதான் வினை. பெங்களூர்க்காரன் வேலூர் போகிறானென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நாளா அங்கிள் மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டு, நேராகக் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார். சாயங்காலம் தெருவே ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நிற்கிறது. கோட்டை பார்க்கப் போறேன்யா என்று கத்தினால், "கத்தாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்கிறார்கள்! விடிகாலை பஸ்ஸில் குளிருமென்று முத்தம்மா மாட்டிய குரங்குக் குல்லாயை வேலூர் வெயிலிலும் கழற்ற விடவில்லை. "தொப்பி வேணாம்னு சண்டை போட்ட ஊருடி இது" என்றேன். "அவங்களுக்கு சைனஸ் இல்ல, உங்களுக்கு இருக்கு" என்றாள். குல்லாயைப் பார்த்த ஆட்டோக்காரர், "முதல்ல டாக்டரப் பாருங்க பெரியவரே, கோட்டை எங்கயும் ஓடிடாது" என்று ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். வந்தது வந்தோமென்று முத்தம்மா உள்ளே இழுத்துப் போனாள். டாக்டரம்மா தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இவள் பக்கத்தில் இருக்கும்போதே, "கல்லு மாதிரி இருக்கீங்க, போய்க் கோட்டையப் பாருங்க" என்றார். போனேன். அந்த மதிலடியில் நின்றதும் செத்துப்போன பையன்களை நினைத்து நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பார்த்த ஒரு புண்ணியவான், "தைரியமா இருங்க சார், இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது கல்யாண விஷயம். ஆடி போகட்டும், மார்கழி போகட்டும், பிள்ளை கிஷோருக்குப் பிரமோஷன் வரட்டும் என்று வருஷக்கணக்கில் இழுத்த நீங்கள், டிரேவர் பேச்சு காதில் விழுந்ததும், 'பாவம், அவர் கண்ணால பாத்துட்டுப் போகட்டும்' என்று அடுத்த மாதமே முகூர்த்தம் குறித்துவிட்டீர்கள். வைஷ்ணவிக்குத் தலைகால் புரியவில்லை, புடவைக் கடையே கதியென்று கிடக்கிறாள். அதைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் இல்லாத வியாதிக்கு இரக்கப்பட்டு என் பெண் கழுத்தில் தாலி ஏற மனசு ஒப்பவில்லை. எனக்கு ஒரு கேடும் இல்லை சம்பந்தி. தள்ளிப் போடுவதானால் தாராளமாகத் தள்ளிப் போடுங்கள், மானத்தோடு காத்திருக்கிறோம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். கிஷோர் நூறாண்டு வாழட்டும், நானும் கிட்டத்தட்ட அவ்வளவு இருப்பேன்.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியத்துடன்,
வெங்கடசாமி

பி.கு: அண்ணா, இது முத்தம்மா எழுதுறது. தபால்ல போடச் சொல்லி இத என்கிட்ட குடுத்தாரு. பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, தேதிய மட்டும் மாத்திடாதீங்க. தாலி ஏறின மறுநிமிஷமே அவருக்குப் பூரணமா குணமாயிடும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.