சம்பந்தி வீட்டு வண்டுகள்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கே நானும் என் மனைவியும் ஒன்பது மாடுகளும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் உங்கள் மாடுகளும் அதே போல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது என் கையாலேயே எழுதும் முதல் கடிதம். இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு வந்தவற்றையெல்லாம் தபால் நிலைய வாசலில் உட்கார்ந்திருப்பவர் எழுதினார். அவற்றில் இருந்த பணிவும் அவருடையதே. "நல்லா இருக்கோம்னு போடுங்க" என்று மட்டும்தான் நான் சொல்வேன். அவர் ஒவ்வொரு முறையும் "தங்கள் பாதம் பணிந்து" என்று எழுதியிருப்பது, நான் படிக்கக் கற்றபின், போன மாதம் அவர் எழுதும்போது எட்டிப் பார்த்ததில்தான் தெரிந்தது. அந்தப் பணிவை நான் திரும்பக் கேட்கவில்லை. உங்களிடமே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தில் ஒரு வேண்டுகோளும் ஒரு குற்றமும் இருக்கின்றன. குற்றத்தைச் சொல்லாமல் வேண்டுகோளைச் சொல்ல வழியில்லை. எங்கள் மேய்ச்சல் நிலம் இரண்டு வருடமாகக் கெட்டுக்கொண்டே வந்தது உங்களுக்குத் தெரியும். மாடு போட்ட சாணம் போட்ட இடத்திலேயே காய்ந்து, யாரும் தட்டாமலே வறட்டியாகி, மழை பெய்தாலும் கரையாமல் தட்டுத் தட்டாகக் கிடந்தது. அதன் அடியில் புல் செத்தது. அதைச் சுற்றி முளைத்த புல்லையோ மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இந்த மழைக்காலம் முடிவதற்குள் நிலம் பச்சை பிடிக்காவிட்டால் ஒன்பதையும் வியாபாரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் ஒன்றைச் சொன்னால் அது நடந்து முடிந்த மாதிரி. மாடு இல்லாத வீட்டில் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன்?

அந்தக் கவலையோடுதான் போன முறை உங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். உங்கள் நிலத்தில் காலையில் விழுந்த சாணம் மறுநாள் காலையில் இல்லை. நீங்கள் எனக்குத் தெரியாமல் ஆள் வைத்து அள்ளுகிறீர்கள் என்று நினைத்தேன், மன்னிக்கவும். கண்டுபிடித்தே தீர்வது என்று ஒரு முக்காலியை எடுத்துப்போய்ச் சாணத்தின் முன்னால் உட்கார்ந்தேன். என் மகள் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, என்ன பண்றீங்க? மாமா பாத்தா என்ன நினைப்பாரு?" "சும்மா இரும்மா, உள்ள வேலை நடக்குது" என்றேன். நடந்துதான் கொண்டிருந்தது. கறுப்பு வண்டுகள், சம்பந்தி. மேலே துளை போட்டு, உருண்டை பிடித்து, மண்ணைக் குடைந்து உள்ளே இழுத்துக்கொண்டு போயின. சாணம் எருவாக, குடைந்த வழியில் தண்ணீர் இறங்க, மேலே ஈக்கும் இடமில்லை. கூலி கேட்காத இத்தனை பேரை வைத்துக்கொண்டு நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனவே திருடினேன். நான் கிளம்பும்போது சம்பந்தியம்மா வழிக்கென்று மூன்றடுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொடுத்தார்கள். அதை உங்கள் வேலியோரம் நின்றபடியே அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, மூன்று அடுக்கிலும் சாணமும் வண்டுமாக நிரப்பிக்கொண்டு பேருந்து ஏறினேன். பாதி வழியில் மூடி நெகிழ்ந்துவிட்டது. நடத்துநர் டிக்கெட் கிழிக்க வந்தவர் கீழே பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க சாப்பாடு நடந்து போகுது" என்றார். "சம்பந்தி வீட்டுச் சாப்பாடுங்க" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, அவருக்கும் சம்பந்தி இருக்கலாம். கேரியரை மூன்று தடவை கழுவித்தான் திருப்பி அனுப்பினேன். மாப்பிள்ளை இப்போது தினமும் அதில்தான் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார் என்று கேள்வி.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தும் பயனில்லை. ஒரு வாரத்தில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. "சம்பந்தி வீட்டு விருந்தாளிங்கள இப்படியா கவனிக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். காரணம், நான் எழுதப் படிக்கக் கற்கப் போகும் நூலகத்துப் பின்னறை வகுப்பில் தெரிந்தது. வீட்டில் எழுத்து உள்ள பொருள் எதையாவது கொண்டுவந்து படிக்கச் சொன்னார் ஆசிரியை. மற்றவர்கள் சோப்பு உறை கொண்டுவந்தார்கள். நான் மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்துப் புட்டியைக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். மருத்துவர் சொன்னால் மட்டும், வருடத்துக்கு ஒரு முறை. சாணத்தில் கலந்து, அதில் வாழும் பூச்சிகளைக் கொல்லும். நான் இரண்டு வருடமாக மாதம் தவறாமல் கொடுத்துவந்தேன். முன்பு கொடுத்த சத்து மருந்துக்கும் அதே சிவப்பு மூடி. சிவப்பு மூடி என்றால் மாதம் ஒரு முறை என்பதுதான் என் படிப்பு. மாட்டு டாக்டரிடம் ஓடினேன். "மாசா மாசமா? யாருங்க சொன்னது?" என்றார். "மூடி சொல்லுச்சுங்க." அவர் என் கையிலிருந்த புட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு, "மருந்த நிறுத்துங்க. சாணியக் கொண்டாங்க, பாத்துட்டு, புழு இருக்கற மாட்டுக்கு மட்டும் குடுக்கலாம்" என்றார். நிறுத்தி நான்கு மாதமாகிறது.

இனி வேண்டுகோள். மழைக்காலம் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்த முறை வாசல் வழியாக வந்து, உங்கள் கண்ணெதிரே, இரண்டு வாளி வண்டு எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். வாளி நானே கொண்டுவருகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் மாடுகளுக்கு முதுகில் ஒரு தட்டும் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (கையெழுத்து என்னுடையது)

பின்குறிப்பு: உறையில் போடப்போகும் நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். இன்று காலை நிலத்துக்குப் போனால் நேற்றைய சாணமெல்லாம் சல்லடையாக இருக்கிறது. உள்ளே வண்டுகள். எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, யாரும் கேரியரில் கொண்டுவரவில்லை. என் மனைவி குனிந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "வியாபாரிய வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். ஆகவே வாளி வேண்டாம். வாளி வேண்டாம் என்றால் திருட்டைச் சொல்லியிருக்கவும் வேண்டாம். ஆனால் பதினோரு நாள் உட்கார்ந்து எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. என் மனைவி இப்போதுதான் இன்னொன்றும் சொல்கிறாள்: சம்பந்திக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து நம் மகள்தான் கடிதங்களை எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுகிறாளாம். மகளே, நலம் விசாரித்ததையும் வணக்கத்தையும் மட்டும் படி. கேரியர் வரும் இடத்தை விட்டுவிடு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மேலே இடமில்லை.