நுரை வராத பாட்டில்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. வெளியூர் வேலையிலும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் மனைவியும் நலம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தைக் குடும்பத்தாருக்குச் சுற்றிக்காட்டும் நாள் என்று நேற்று என்னையும் கூட்டிப்போனாள். சோப்பு வகையைச் சேர்ந்த ஏதோ ஒன்றைத் தண்ணீரில் கலக்குகிறார்கள். அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்குமாம், மறுமுனைக்கு ஆகவே ஆகாதாம். ஆகாத முனைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒளிந்துகொள்ள, கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகள் உண்டாகுமாம், அதற்குள் தடுப்பு மருந்தை வைத்து உடம்புக்குள் அனுப்புவார்களாம். சோப்புக் கம்பெனியில் காலமெல்லாம் குப்பை கொட்டியவனிடம் இதைச் சொன்னால் கை சும்மா இருக்குமா? மேசையில் ஒரு கலக்கும் இயந்திரத்தின்மேல், பால்போன்ற கலவையோடு ஒரு பாட்டில் ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருந்தது, பேருக்குக்கூட நுரை இல்லை. எங்கள் கம்பெனியில் நுரை வராத சரக்கைப் பார்த்தால் மேனேஜர் ஆளைக் கடித்துக் குதறிவிடுவார். பெற்ற பெண்ணின் மானம் போகிறதே என்று, யாரும் பார்க்காத நேரத்தில் அந்த இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டேன். நுரை வந்தது மாப்பிள்ளை. பாட்டிலைத் தாண்டி, கம்ப்யூட்டர் கீபோர்டுக்குள் புகுந்து, தரையில் இறங்கி, சுற்றிப்பார்க்க வந்த யாரோ ஒருவருடைய மாமியாரின் செருப்புவரை போனது. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் ஊரில் நுரை வந்தால் சரக்கு கெட்டது என்று அர்த்தமாம், உருண்டையெல்லாம் உடைந்துவிடுமாம். சத்தம் கேட்டு அவளுடைய மேடம் வந்துவிட்டார். இவள் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அடுத்த வாரம் எழுதப்போவதும் அந்த அம்மாதான். நான் வயதுக்கேற்ற பக்குவத்தோடு நாலு வார்த்தை பேசிச் சமாளித்தேன். ஆனாலும் உங்கள் மனைவி முகம் கொடுப்பதில்லை. தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள், அப்பா நல்ல மனசோடுதான் செய்தார் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பும் உத்தியோகமும் ஒரு குறையுமில்லாமல் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
வீண்பழி சுமக்கும் உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பெண் வந்து நின்றாள். “அந்தப் பாட்டில்ல மருந்தே இல்லப்பா. சும்மா பழகிப் பாக்க வெச்சிருந்தோம்” என்றாள். பிறகு எதற்கு இத்தனை கோபம் என்று கேட்டேன். “யார் திருப்பினதுன்னு மேடம் கேட்டப்ப, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, என் பொண்ணுதான்னு சொன்னீங்களே, அதுக்கு” என்றாள். மேலே எழுதிய நாலு வார்த்தை அதுதான் மாப்பிள்ளை. வெட்கமாக இருக்கிறது. நீங்கள் யாரிடமும் எதுவும் பேசவேண்டாம், காலையில் நானே போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் இதைச் சொன்னதும், துணைக்கு வரட்டுமா என்று கேட்டாள். “வேணாம்மா. நீ பக்கத்துல நின்னா மறுபடியும் உன்னையே கை காட்டிடுவேன்” என்றேன்.