பொது அறை கேட்ட சேகர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. எதைக் கண்டாலும் "இதுக்குன்னு ஒரு பொது இடம் வேணும்" என்பார்கள். மலைக்கு ஓர் இடம், மேகத்துக்கு ஓர் இடம் என்று ஆண்டவன் கூட்டம் போடாமலே வைத்துவிட்டான். அந்தக் குறையை இவர்கள் தீர்த்து வைக்கிறார்கள்.

ஏற்காட்டில் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஷேக் தாவூத் பாய் கடையில் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார்கள். அதிலிருந்த புரோகிராமுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்து, சாமி படம், பூ ஓரம் என்று ஒவ்வொன்றையும் தனித் தொகுப்பாகச் சேலத்தில் பிளாப்பியில் வாங்கி வந்து உள்ளே ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் அறைகள் உண்டு, ஃபோல்டர் என்பார்கள். பாய் ஓர் அறையில் ஏற்றுவார். வேலை பார்க்கும் லூர்துசெல்வி இன்னோர் அறையில் ஏற்றுவாள். வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. நம்மவருக்கு அது பொறுக்குமா?

நம்மவர் பெயர் சேகர், பாய்க்குக் கூட்டாளி. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பாய் வந்ததும் கூட்டம் போடுவார். தலைவரும் அவரே, பேச்சாளரும் அவரே.

"கண்ட இடத்துல வெச்சா உருப்படுமா கண்ணு? எல்லாத் தொகுப்புக்கும் ஒரே அறை!"

எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்த அறை என்று பேசுவதற்குள் டீ ஆறிவிடும். ஒரு வாரம் துணிந்து தீர்மானம் போட்டார்: பழைய அறைகளை இன்றே அழிப்பது, புது அறையை அடுத்த வெள்ளி முடிவு செய்வது, அப்புறம் பிளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றுவது.

அழித்தார்கள்.

மறுநாள் மாரமங்கலத்து மாதம்மாள், மகள் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தாள். அச்சில் எழுத்துக்குப் பதில் கட்டங்கட்டமாக வந்தது.

"ஏனுங்க, இதுல எது எம் புள்ள பேருங்க? நாளைக்குக் காலையில மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்களே! கடைசி பஸ்ஸும் போயிருமுங்க!"

"அடுத்த வெள்ளிக்கிழமை சரியாயிருமுங்க," என்றார் சேகர்.

"அப்பக் கல்யாணத்தையும் உங்க கூட்டத்துலயே வெச்சுக்கறதுங்களா?"

லூர்துசெல்வி பிளாப்பியைப் போட்டாள். மலைப்பனியில் பூஞ்சை பிடித்திருந்தது, கரகரத்ததோடு சரி. பெட்டிக்குள் மிச்சமிருந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதிலும் தமிழ் எழுத்து இல்லை. கடைசியில் ஒன்று. அதன் பெயர் 'சேகர்'. எழுத்து, படம், பூ ஓரம் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தன.

"ஏனுங்ண்ணா, இது என்னங்க?"

"அது... அவசரத்துக்குன்னு நான் மட்டும் ஒண்ணு வெச்சிருந்தேன் கண்ணு."

பத்திரிகை வந்தது. மகள் பெயரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதம்மாள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சேகர் வெட்கப்பட்டாரா? அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றார். "அவசரத்துக்குத் தனியா வெச்சுக்கறோம் பாருங்க, நொம்ப முக்கியம். அதுக்கும் ஒரு பொது இடம் வேணும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்கு இடம் நியமித்தது யார்? அது அங்கே இல்லை என்று நேற்றுச் சத்தம் போட்டது யார்? கடைசியில் அது யாருடைய மேசைக்குள் இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆண்டவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.