ஐ-ஃபைவ் பெட்டிக்குள் நாலு பேர்

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு தடவையாவது செங்கொடியை ஜெயித்துவிட வேண்டும் என்று பகலவன் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்கு. காரணம் ஒரு கம்ப்யூட்டர். சரியாகச் சொன்னால் இரண்டு கம்ப்யூட்டர்.

திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டிய மாடி வீடு. பகலவனுக்குக் கன்டெய்னர் யார்டு கேட்டில் வேலை. உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி, எல்லாவற்றின் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். ஆகவே கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் வீட்டில் தன் பேச்சுதான் செல்லும் என்பது அவன் கட்சி. செங்கொடி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். சாயங்காலங்களில் தவ்ஃபீக்கின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கல்யாண வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாள். கை தேறிவிட்டது. வீட்டில் நல்ல மெஷின் இருந்தால் மாசம் நாலு கல்யாணம் தருவதாகத் தவ்ஃபீக் சொல்லியிருந்தான். அது நடந்தால் விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்.

யானைக்கவுனியில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஹபீபுல்லா பாய், மூடிப்போன ஓர் ஆபீஸிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். ஒரே கறுப்பு, ஒரே உயரம். ஒன்றில் இரண்டாம் தலைமுறை ஐ-செவன் சிப். இன்னொன்றில் மூன்றாம் தலைமுறை ஐ-ஃபைவ். ஐ-செவன் விலை கொஞ்சம் கூட. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தந்தால் போதும் என்றார்.

பகலவன் யார்டு பாஷையில் விளக்கம் கொடுத்தான். இரண்டிலும் லோடு தூக்க நாலு ஆள். ஐ-செவனில் ஒவ்வொரு ஆளும் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டையைக் கவனிப்பான், அதனால் எட்டுப் பேர் மாதிரி கணக்கு. ஐ-ஃபைவில் நாலு பேர் நாலு பேர்தான். ஆனால் ஒரு தலைமுறை இளசு, கரண்ட் கம்மியாகக் குடிக்கும், சூடும் கம்மி. லெட்டர் அடிக்க, பில் போட, படம் பார்க்க இரண்டும் ஒன்றுதான். பிறகு எதற்குக் கூடக் கொடுப்பது? இதே விளக்கத்தை அவன் கேட்டில் நின்ற டிரைவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி, ஐ-ஃபைவ்தான் வாங்கப்போகிறேன் என்று அறிவித்தும் ஆகிவிட்டது.

செங்கொடி மறுத்துப் பேசவில்லை. ஒரு வாரம் லீவு போட்டாள். ஒரே கல்யாணத்தை இரண்டு பெட்டியிலும் ஓட்டினாள். ஐ-செவன் முப்பத்தெட்டு நிமிஷத்தில் வீடியோவைக் கையில் கொடுத்தது. ஐ-ஃபைவ் ஐம்பத்தோரு நிமிஷம் முனகியது.

"பில்லு போடறவங்களுக்கு நீ சொல்றதுதான் ரைட்டு," என்றாள். "நான் கல்யாணம் பண்றவ. எனக்கு எட்டு பேரு வோணும்."

இது பகலவனுக்குப் பொறுக்கவில்லை. நியாயத்தில் தோற்றவன் பேயைக் கூப்பிட்டான்.

அந்தக் காலத்து ஆபீஸ் பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. நேரம் குறித்துவிட்டால், அணைத்து வைத்திருந்தாலும் தானாக எழுந்துகொள்ளும். பெட்டிக்கு உள்ளேயே சின்னதாக ஒரு ஸ்பீக்கரும் இருக்கும். பகலவன் யார்டு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் ஒரே ஒரு வாக்கியம் பேசிப் பதிந்தான்: "நான் இன்னும் போவல." அதை மெதுவாக ஓடவிட்டான். அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. செங்கொடி குளிக்கப்போன சமயம் அதை ஐ-செவனில் ஏற்றி, தினம் பகல் மூன்று பத்துக்கு நேரம் வைத்தான். சாப்பிடும்போது போகிறபோக்கில் ஒரு கதையும் சொல்லி வைத்தான். அந்த ஆபீஸில் வயசான கிளார்க் ஒருவர் ஒருநாள் மூன்று பத்துக்கு நாற்காலியிலேயே போய்விட்டாராம். கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

"எந்தப் பொட்டில?" என்று செங்கொடி கேட்டாள்.

"ஐ-செவன்னு பேசிக்கறாங்க."

செவ்வாய்க்கிழமை அவன் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று பத்துக்கு அது தானாக எழுந்தது என்றாள். உள்ளேயிருந்து ஆம்பளைக் குரல் ஒன்று பேசியது என்றாள். பகலவன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். பாவமான குரலாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள் அவள்.

புதன்கிழமை அவள் குரலே தணிந்துபோயிருந்தது.

"இன்னிக்கி நான் பேசிப் பாத்தேன்யா. பதில் சொல்லிச்சு."

பகலவன் கையில் இருந்த டீ டம்ளர் அப்படியே நின்றது. அவன் பதிந்தது ஒரே வாக்கியம். அது யாருக்கும் பதில் இல்லை.

"இன்னா சொல்லிச்சு?"

"இதுல எட்டு பேரு கீறாங்களாம், நெருக்கமா கீதாம். பக்கத்து பொட்டில எடம் கீதான்னு கேட்டுச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான்.  மறுநாள் யார்டில் இரண்டு கன்டெய்னர் நம்பரைத் தப்பாக ஏற்றினான்.

வியாழக்கிழமை. வாராவாரம் அன்று அவனுக்கு இரண்டு மணிக்கே ஷிப்ட் முடிந்துவிடும். எண்ணூர்ப் பக்கமிருந்து வானம் சாம்பலாக இறங்கி வந்து ஜன்னலில் நின்றது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. செங்கொடி தவ்ஃபீக் கடைக்குப் போயிருப்பதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தாள். பகலவன் உள்ளே போனான். ஐ-செவன் மேஜைமேல் மானிட்டரோடு இருந்தது. ஐ-ஃபைவ் மூலையில் தரையில், மானிட்டர் இல்லாமல், பவர் வயர் மட்டும் சொருகி, சுவரைப் பார்த்தமாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டும் அணைந்திருந்தன.

அவன் நேராக ஐ-செவனிடம் போய், தான் வைத்த நேரத்தையும் குரலையும் அழித்துவிட்டு அணைத்தான். ஒரு பெரிய பாரம் இறங்கியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

மூன்று பத்து.

ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. மேஜையிலிருந்து அல்ல. மூலையிலிருந்து.

ஐ-ஃபைவின் முகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தான். அதேதான். அவன் கை வைக்காத பெட்டி. உள்ளேயிருந்து, கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல ஒரு குரல், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி வந்தது. எங்கேயோ கேட்ட குரல். யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

"பகலவன்... வந்துட்டீங்க... ரொம்ப நாளா... ஒங்களத்தான்... எதிர்பாத்துகினு இருந்தோம்."

இருந்தோம். இருந்தேன் இல்லை. பகலவன் தன்னையறியாமல் எண்ணினான். நாலு பேர். பாடை தூக்கவும் நாலு பேர்தான்.

"ஒக்காருங்க... யாரும்... போவக்கூடாது."

அதற்குப் பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

பகலவன் வயரைப் பிடுங்கியது நினைவிருக்கிறது. பெட்டியைப் போர்வையில் சுருட்டியது நினைவிருக்கிறது. படி இறங்கியது நினைவில்லை. ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொள்ளப் பயந்து பக்கத்து சீட்டில் வைத்தான். வளைவுகளில் அது அவன்மேல் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் ஓரத்துக்கு நகர்ந்தான். யானைக்கவுனி வந்தபோது பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஹபீபுல்லா பாய் போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பெட்டியை அலமாரியில் வைத்தார். ஐ-செவனுக்குத் தரவேண்டியதைத் தங்கச்சி செங்கொடி செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டது என்றார். இதை வியாழக்கிழமை நாலு மணி வாக்கில் நீங்களே எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனதாம்.

கடையில் மணி மூன்று ஐம்பத்தைந்து.

அவன் வீடு திரும்பியபோது செங்கொடி மெஷினில் உட்கார்ந்து ஒரு மாப்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் மெஷினைப் போட்டதுமே திரையில் ஒரு ஃபைல் கண்ணில் பட்டது. பெயர்: பேய் ஃபைனல் ரெண்டு. கேட்டாள். புருஷன் குரல் எப்படி இழுத்தாலும் பொண்டாட்டிக்குத் தெரியும். பிறகு அவன் அக்கா மகள் மகிழினியின் கல்யாண ரிசப்ஷனில் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் எல்லோரையும் வரவேற்றுப் பேசின வீடியோவை எடுத்தாள். யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவன் சொன்னதில் சாப்பாட்டை மட்டும் வெட்டி, மிச்சத்தை இழுத்து ஐ-ஃபைவில் ஏற்றி, வியாழக்கிழமை மூன்று பத்துக்கு நேரம் வைத்தாள்.

பகலவன் கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"கடசீல பெருமூச்சு விட்டியே, அத எங்கேர்ந்து எடுத்த?"

"எந்தப் பெருமூச்சு?"

அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. இருவரும் காலியாக இருந்த மூலையைப் பார்த்தார்கள். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி நீண்ட நேரம் போனது.

செங்கொடிதான் முதலில் தேறினாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தபடியே சொன்னாள்:

"ஒன் கொரல தவ்ஃபீக்குக்குப் போட்டுக் காட்னேன். நினைவஞ்சலி வீடியோக்குப் பேச ஆளு தேடிகினு கீறாராம். நாளைக்கி வரச் சொன்னாரு, ஆனா ஆவி மாரி பேசாம கொஞ்சம் உயிரோட பேசச் சொன்னாரு."