யாருக்கோ வாசித்த ஓலை

இங்கிலீஷில் எனக்கு ஆகவே ஆகாத வார்த்தை ஒன்று உண்டு: அட்ஜஸ்ட். அதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால், சித்திரை வெயிலில் எங்கள் மரக்காணம் உப்பளத்து வரப்பில் செருப்பில்லாமல் நிற்க வைப்பேன். (வெள்ளைக்காரன்தானே, தோல் உரிஞ்சிடும். உரியட்டும்.)

அவன் ஊரில் அதற்கு எதையோ திருகிச் சரிசெய்வது என்று அர்த்தமாம். நம் ஊரில் அதற்கு இல்லாத வேலையே இல்லை. பாண்டி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக வந்து இடுப்பை இடிப்பவர் சொல்வது அட்ஜஸ்ட். கையே நுழையாத ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு டெய்லர் சொல்வதும் அட்ஜஸ்ட். சாம்பாரில் உப்பில்லையே என்று கேட்டால் (அதுவும் எங்க ஊர்ல!) சமையல்காரர் சொல்வதும் அதுவே. நான் உப்பு லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி ஓனர் ஜன்னலில் தலையை விட்டு, “மேடம், எடைய கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றால் அது பச்சைத் திருட்டு. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். இந்த வார்த்தையைச் சொல்கிறவர் ஒருநாளும் அட்ஜஸ்ட் பண்ணமாட்டார். கேட்கிறவர்தான் பண்ண வேண்டும்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் பாண்டியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் அருள். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கான முதல் ஓலை வாசிப்பதற்கு முதல் நாள், சனிக்கிழமை, அவரும் அவர் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“கல்யாணத்துக்கு அப்புறம் அந்த லாரிக்காரங்க நடுவுல உக்கார வேணாம். வேலைய விட்டுட்டு வூட்டோட இருக்கட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா.”

என் அம்மா தலையாட்டினார். அப்பா அதைவிட வேகமாக ஆட்டினார். அருள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. அந்த எடைமேடை நாற்காலி யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. பொம்பளைக்கு லாரி எடை என்ன தெரியும் என்று சிரித்த அத்தனை டிரைவர்களையும் வாயடைக்க வைத்து நான் பிடித்த இடம். அதை ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள் பூசையில் உட்கார்ந்திருந்தபோது என் மூளை ஒரு மகா திட்டம் போட்டது. கல்யாண அறிவிப்பைத்தான் எங்களில் ஓலை என்போம். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இவர்களுக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து யாரும் எதையும் தெரிவித்ததில்லை. என் வேலை போவதைவிடப் பெரிய தடை ஏது? எழுந்து நின்று தெரிவித்துவிட வேண்டியதுதான். (அத ஃபாதர் அறைக்குப் போய் ரகசியமா சொல்லணுங்கறது அந்த மேதாவிக்குத் தெரியல.)

பிரசங்கம் முழுக்க வசனத்தை மனப்பாடம் செய்தேன். அப்புறம் ஃபாதர் ஏதோ படித்தார். என் காதில் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. ‘தடை’ என்றதும் எழுந்தேன்.

“இருக்கு ஃபாதர்! நான் தடை சொல்றேன்! இந்தக் கல்யாணம் நடந்தா என் வாழ்க்கையே போச்சு!”

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சவரிக்கு நீ என்னம்மா வேணும்?”

“எந்த சவரி?”

அன்றைக்கு இரண்டு ஓலைகள். முதலில் வாசித்தது பக்கத்து ஊர் பிரம்மதேசத்துப் பையன் சவரிமுத்துவுக்கும் எங்கள் ஊர் பிலோமினாவுக்குமான மூன்றாம் ஓலை. என்னுடையது அடுத்தது.

ஆண்கள் பக்கம் திரும்பினேன். வெளுத்துப்போன முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அய்யோ, தெரிந்த முகம்! வாரம் தவறாமல் என் எடைமேடைக்கு லாரி கொண்டுவரும் டிரைவர்.

“வாரா வாரம் எடை போடப் போனப்பவே நெனச்சேன்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிலோமினாவின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “அடிப்பாவி! எத்தினி நாளாடி இது?”

“மாதா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!” என்று சவரிமுத்து அலறினார். என் அம்மா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் இழுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அன்றைக்குப் பார்த்துச் சுடிதார், துப்பட்டாவோ பின் குத்தியிருந்தது.

பூசை முடிந்ததும் ஃபாதர் தங்கும் சாமியார் பங்களாவில் விசாரணை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அப்ப சவரி மேல ஒண்ணுமில்லியா?” என்றார் ஃபாதர்.

“அவரு லாரி எடையில கூட ஒரு தப்பும் இருந்ததில்ல ஃபாதர்.”

ஃபாதர் பெருமூச்சு விட்டார். “சரி, வேலை விஷயத்துல நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட்...”

“ஃபாதர்!” என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சாமியாரிடம் கத்திய பாவத்துக்கு அடுத்த வாரம் அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி பாண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அருள் போனில் கேட்டார்.

“யாருங்க அந்த லாரிக்காரன்?”

“நேத்து உங்கம்மா என் வேலைய புடுங்கினப்ப பஜ்ஜி தின்னுட்டு இருந்தீங்களே, அப்ப எங்க போச்சு இந்த வாய்? இப்ப சொல்லுங்க. வேலை இருந்தாத்தான் கல்யாணம்.”

போச்சு, கல்யாணமும் போச்சு என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீங்க வேலைய விட வேணாம். மரக்காணத்துலயே வூடு பாத்துக்கலாம். நான் பாண்டிக்குப் பஸ்ஸுல போய்ட்டு வர்றேன். அம்மாகிட்ட இப்பவே சொல்லிடுறேன்.” சொன்னார். மாமியார் என்னோடு முழுதாகப் பேச ஒரு வருஷம் ஆனது. ஆகட்டும்.

இன்றைக்கும் பூசையில் அருள் ஆண்கள் பக்கம் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓலை வாசிக்க ஆரம்பித்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எல்லோரும் அதை அன்பு என்று நினைத்தால் பரவாயில்லை. ஆனால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

போன வாரம் சவரிமுத்து லோடோடு வந்தார். எடைச் சீட்டை வாங்கிய பிறகும் நகரவில்லை.

“மேடம், உங்களால வூட்ல தெனம் ரோதனை. சண்டை வந்தாப் போதும், ‘அன்னிக்கே ஒரு மகராசி எழுந்து நின்னு தடைன்னு கத்துனாளே, நான்தான் கேக்கல’ன்னு பிலோமினா ஒப்பாரி வைக்கிறா. ஒருவாட்டி வந்து எடுத்துச் சொல்லுங்க மேடம்.”

அவருக்குப் பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“முடியாதுங்க” என்றேன். “எனக்கு வேலை இருக்குது.”