பேய்கள் தரப்பின் ஒப்புதல்

அநீதி இழைக்கப்பட்டவள் என் அறைத்தோழி சுண்டு. இழைத்தது எங்கள் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி அனுமதிப் பிரிவு. வீரர்கள் வாளெடுத்துப் பேய்களோடு மோதும் ஜப்பானிய அனிமேஷன் படம் ஒன்றுக்கு, நான்கு மாதம் கண் சிவக்க உட்கார்ந்து, திரைக்கு அடியில் ஓடும் வசனம் ஆயிரத்து இருநூறு வரியைத் தமிழில் எழுதியிருந்தாள். கடல் தாண்டி இருக்கும் பட நிறுவனம் ‘தாராளமாகப் போடுங்கள்’ என்று இரண்டே நாளில் பதில் அனுப்பிவிட்டது. விடுதிக்கு எதிரே இருக்கும் அலுவலகம்தான் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தது. படத்தைப் பல்கலைக்கழக அரங்கில் போட்டுக் காட்ட, சனிக்கிழமையை விட்டால் சுண்டுவுக்கு வேறு நாள் இல்லை. படிப்பு முடிந்து ஞாயிறன்று ஊருக்குக் கிளம்புகிறாள்.

புதன்கிழமை நேரிலேயே போனோம். கண்காணிப்பாளர் படிவத்தைப் புரட்டினார்.

“ஒன்பதாம் கட்டம் காலியா இருக்கே. ‘நிகழ்ச்சியில் தாக்கப்படும் தரப்பின் ஒப்புதல்.’ படத்துல அடி வாங்குறது யாரு?”

“பேய்ங்க, சார்.”

“அப்ப அவங்க எழுதிக் குடுக்கணும்.”

“சார், அது வரைஞ்ச படம்.”

“வரைஞ்சா வலிக்காதா? போன வருஷ நாடகத்துல வார்டனைக் கிண்டல் பண்ணீங்க. அவர் ஆறு பக்கம் புகார் எழுதினார். அதுக்கப்புறம் வந்த கட்டம்மா இது.”

“பேய்னு ஒண்ணு இல்லவே இல்ல சார்.”

“அதையும் அவங்களே எழுதிக் குடுக்கட்டும். ஏத்துக்கிறேன்.”

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாதத்துக்குத் தயாரானேன். சுண்டு என் கையைக் கிள்ளினாள். “வாயை மூடுடி. ஒரு பேப்பர்தானே கேக்குறார்.”

அறைக்கு வந்து எழுதினோம். ‘எம் இனத்தார் படம் முழுவதும் வெட்டுப்படுவதில் எமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.’ கீழே ‘பேயரசருக்காக’ என்று போட்டுக் கையெழுத்திட்டது நான்.

மூன்று வாரம் தூங்கிய கோப்பு மறுநாளே எழுந்து நடந்தது. ‘பேயரசர் அவர்களின் மேலான கடிதம் நன்றியுடன் பெறப்பட்டது. அனுமதி வழங்கப்படுகிறது. அன்னாரின் தரப்பினருக்கு முதல் மூன்று வரிசைகள் ஒதுக்கப்பட வேண்டும்.’ உத்தரவு பேயரசர் பெயருக்கு, எங்களுக்கு நகல் மட்டும்.

சனிக்கிழமை அரங்கம் பிதுங்கியது. ‘இந்த வயசுல கார்ட்டூனா’ என்று போன மாதம் சிரித்தவர்கள் எல்லாம் நீள அங்கியும் அட்டை வாளுமாக வந்திருந்தார்கள். படத்துக்குத் தமிழ் எழுதியவள் கதவோரம் நின்றாள். முதல் மூன்று வரிசையில் அனுமதிப் பிரிவு, மனைவி மக்களோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், இது பேய்ங்க தரப்புக்கு ஒதுக்கின இடம்.”

“தெரியும்மா,” என்று கண்காணிப்பாளர் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அவங்க சார்பாத்தான் வந்திருக்கோம். கையெழுத்துப் போட்டவ நீ, நீயும் இந்த வரிசைதான். உக்காரு.”